மெழுகுக்குள் ஏறிய வயது

நடுவில் இருக்க வேண்டிய பெரிய செல்கள் ஓரத்துக்கு நகர்ந்திருந்தன.

ரத்னாகர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தான். கண்ணாடிச் சில்லை உருவி மெல்லிய துணியால் இரண்டு பக்கமும் துடைத்தான். ஓரத்தில் ஒட்டியிருந்த எண்ணைச் சரிபார்த்து மறுபடி செருகிக் குனிந்தான். ஜன்னலுக்கு வெளியே துங்கை ஆற்றின்மேல் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் அது இறங்கும் சத்தமும், ஈரச் சுவரின் பூஞ்சை வாசனையும், கண்ணைக் கரிக்கும் பார்மலின் நெடியும் ஒன்றோடொன்று கலந்து, நடுப்பகலிலேயே அந்தப் பரிசோதனைக் கூடம் அந்தி போல இருண்டு கிடந்தது. வட்ட வெளிச்சத்துக்குள் இளஞ்சிவப்பும் ஊதாவுமாக அந்தத் திசு படுத்திருந்தது.

எட்டு மாதச் சிசுவின் விரை அது. பிறக்காத ஆண் பிள்ளையின் விரைக்குள் இருப்பவை இன்னும் குழாய்களாகத் திறந்திருக்காது. துவாரமில்லாத கெட்டிக் கயிறுகளாகத்தான் இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் விந்தணுவைப் பெறப்போகிற பெரிய, வெளிறிய செல்கள் அந்தக் கயிற்றின் நடுவில், திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகள் மாதிரி திகைத்து நிற்கும். பிறந்து சில மாதம் பால் குடித்த பிறகுதான் அவை மெல்ல நகர்ந்து ஓரத்துச் சுவரைப் பிடித்துக்கொள்ளும்.

இவை பிடித்துக்கொண்டிருந்தன.

போன வாரம் நடுவில் நின்றன. அவனே பார்த்தான். பார்மலினில் ஊறி, மெழுகில் புதைந்து, காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவப்பட்டு, சாயம் ஏற்றி, கண்ணாடிக்கு அடியில் பசை வைத்து மூடிய ஒன்று. அது எங்கே நகரும்?

"ஹில்டா, கொஞ்சம் இங்க வாங்க."

திசு வெட்டுகிற ஹில்டா டிசோசா மங்களூர்க்காரி. எதையும் சிரிக்காமல் சொல்லத் தெரியாதவள். கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"இது அந்தப் புது மெழுகுப் பிளாக்கிலேருந்து வெட்டினதுதானா?"

"வேற எதுலேருந்து வெட்டுவேன்? நீங்களே கொண்டுவந்து கையில குடுத்தீங்க. எங்கேருந்து வந்துதுன்னு கேட்டதுக்கு மொறைச்சீங்க."

"செல்லெல்லாம் இடம் மாறியிருக்கு."

"நடந்து போச்சா சார்? இந்த மழையில நம்ம பியூனே காண்டீன் வரைக்கும் நடக்க மாட்டேங்கிறான்." சிரித்தவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். "இருங்க, புதுசா ஒண்ணு வெட்டித் தர்றேன்."

புதிதாக வெட்டியதில் அவை இன்னும் அழுத்தமாகச் சுவரைப் பிடித்திருந்தன.

மனிதனின் விரை கருவிலிருந்து முதுமைவரை எப்படி மாறுகிறது என்பதுதான் ரத்னாகர் பல வருஷமாகச் செய்துவந்த ஆராய்ச்சி. விபத்தில் போனவர்கள், புற்றுநோய்க்காக அறுவை செய்துகொண்ட கிழவர்கள் என்று வீட்டாரிடம் கெஞ்சிக் கேட்டுச் சேர்த்த சில்லுகள் அவன் தட்டில் வயது வரிசைப்படி அடுக்கியிருந்தன. முதல் பள்ளம் மட்டும் காலியாக இருந்தது. பிறக்கும் முன்னே இறந்த பிள்ளையை எந்தத் தாய் கத்திக்குத் தருவாள்?

அப்போதுதான் அவனுடைய அக்கா பாகீரதிக்கு, கல்யாணமாகி எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உண்டான பிள்ளை, வயிற்றுக்குள்ளேயே அசைவை நிறுத்தியது.

பிரசவ அறையில் அவள் அழவில்லை. துண்டில் சுற்றியதை அவன் கையில் கொடுத்துவிட்டு, அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தம்பியை அவள் தம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"தம்மா, சோதனை அது இதுன்னு யாரும் இவனை அறுக்கக் கூடாது. முழுசா மண்ணுக்குப் போகட்டும்."

"முழுசாத்தான் போவான் அக்கா. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்று சொன்ன வாயில் எச்சில் உலர்வதற்குள், சவ அறைக்குப் போகிற வழியில், தன் ஆய்வறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினான். நகக்கண் அளவுக்கு ஒரு வெட்டு. உள்ளங்கையில் விழுந்தது புளியங்கொட்டை அளவுகூட இல்லை. கறுப்பு நூலால் இரண்டு தையல் போட்டான். மாமா கை என்று தெரியாமல் அந்தச் சின்ன விரல்கள் மடங்கியே கிடந்தன. தன் கை அப்போது கொஞ்சமும் நடுங்கவில்லை என்பதுதான் இப்போது அவன் நெஞ்சை அறுத்தது. ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்த அக்கா புருஷன் கணபதி பாவா, சேறு படிந்த கையைக் கூப்பி, "நீ கூட இருந்ததால அவளுக்கு ஒரு தைரியம், ரத்னாகரா" என்றார். அப்போதும் அந்தப் புளியங்கொட்டை அவன் மேசை இழுப்பறையில் பார்மலினில் மிதந்துகொண்டிருந்தது.

பாவா பாக்குத் தோட்டத்துக்கு மருந்தடிக்க வேண்டிய காலம் என்று சிர்சிக்குப் போய்விட்டார். உறவுக்காரிகளின் உச்சுக் கொட்டலைக் கேட்க மாட்டேன் என்று அக்கா தம்பி வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவன் தனிக்கட்டை. பின்பக்க அறையை அவளுக்குக் கொடுத்திருந்தான். சுவரைப் பார்த்துப் படுத்தவள் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவன் கதவைத் திறந்தபோது வீடு முழுக்கப் பூண்டு வதங்கும் வாசனை. சாம்பிராணிப் புகை. பிள்ளை பெற்றவளுக்கு ஆக்குகிற சாறு அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா தலைக்குத் துணி கட்டி, காதில் பஞ்சு வைத்து, அடுப்படியில் நின்றாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

"பால் வந்துடுச்சு தம்மா."

மாத்திரை கொடுத்து அதை எப்போதோ வற்றவைத்தாகிவிட்டது. அவனே வாங்கித் தந்த மாத்திரை.

"நாளைக்கு டாக்டரம்மாகிட்ட காட்டலாம் அக்கா. கட்டிக்கும்."

"ஏன் கட்டிக்கப்போகுது? குடிக்கிறான்ல."

சொல்லிவிட்டுச் சாறைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். துக்கம் இப்படியெல்லாம் செய்யும் என்று படித்திருக்கிறான். கூடத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தான். ஓட்டிலிருந்து வழிகிற மழைத் தண்ணீர் முற்றத்துக் கல்லில் விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில், அதைவிட மெலிதாக, அதைவிட அவசரமாக, இன்னொரு சத்தம். சப்பும் சத்தம். நடுவே மூச்சு வாங்குவதற்காக ஒரு நிறுத்தம். மறுபடி சப்பும் சத்தம்.

பூனைக்குட்டி என்று முடிவு செய்தான். கதவிடுக்கு வழியாக விளக்கெண்ணெய் வாசனையும் பால் வாசனையும் வந்தன. அவற்றின் அடியில் கண்ணைக் கரிக்கும் நெடி ஒன்றும் வந்தது. அந்த நெடி அவன் வேலை செய்யும் இடத்தில் மட்டும்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு காலையில் போனதும் அவன் முதலில் பார்ப்பது அந்தச் சில்லைத்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை. குழாய்களுக்கு நடுவே ஆண் சுரப்பைச் சுரக்கும் செல்கள் கூட்டமாக இருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வற்றி மறைந்தன. கயிறுகள் ஒடுங்கின. எல்லாம் தூங்கப் போனது போல ஓர் அமைதி. பாலகனின் விரை வருஷக்கணக்கில் அப்படித்தான் தூங்கும். அந்த வருஷங்கள் அவன் கண் முன்னால் சில நாளில் கழிந்தன. வீட்டிலும் சப்பும் சத்தம் நின்று, அறைக்குள் மழலை கேட்டது. பிறகு சொற்கள். கதவுக்கு வெளியே நின்று கேட்டால் அர்த்தம் பிடிபடாத, ஆனால் கேள்வி கேட்பது மட்டும் தெரிகிற சொற்கள். அக்கா மெல்லிய குரலில் பதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். புடவைத் தூளி கட்டிய விட்டம் கிரீச், கிரீச் என்று சீராக முனகியது.

ஒரு காலை, அவன் செருப்பை மாட்டும்போது அக்கா வாசலுக்கு வந்தாள். முகம் தெளிந்திருந்தது. உடம்பு பூரித்திருந்தது. அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

"தம்மா, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லு அக்கா."

"குளிப்பாட்டறப்போ பாத்தேன். இடுப்புக்குக் கீழ தையல் இருக்கு. கறுப்பு நூலு. ஒரு பக்கம் வெறுமையா இருக்கு." அவள் குரலில் கோபமே இல்லை. "நீ டாக்டராச்சே, உனக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு கேட்டேன்."

அவன் குனிந்து மற்ற செருப்பை மாட்டினான். அந்தத் தையலைப் பற்றி உலகத்தில் யாருக்கும் தெரியாது. ஆற்றங்கரை மண்ணுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும்.

"மழையில நேரமாகுது அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். தெரு முனை வரைக்கும் அவள் பார்வை முதுகில் ஈரத்துணி மாதிரி ஒட்டியிருந்தது.

அன்று குழாய்கள் திறந்தன. கெட்டிக் கயிறுகளின் நடுவில், ஊசியால் குத்தியது போலத் துவாரங்கள். சுரப்புச் செல்கள் திரும்பி வந்திருந்தன. சுவரைப் பிடித்துத் தூங்கிய செல்கள் விழித்துப் பிரிந்து, பிரிந்து, அடுக்கடுக்காகப் பெருகின. பாடப் புத்தகத்தில் போட்டுவைக்கலாம் போல அத்தனை அழகு. அழகு என்று நினைத்ததும் அவன் கண்ணை எடுத்துக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அறைக்குள் பேச்சுக் குரல் உடைந்தது. கீச்சென்று எழும்பி, நடுவில் பிளந்து, அடித்தொண்டையில் போய் விழுந்தது. அடுத்த நாள் அது முழு ஆண் குரல். கூடத்துத் தூணைப் பிடித்தபடி நின்று கேட்டான். குரல் ஆள் உயரத்திலிருந்து வரவில்லை. தூளியின் உயரத்திலிருந்து வந்தது. விட்டம் அதே லேசான பாரத்துக்குத்தான் முனகியது.

அக்கா வெளியே வந்து கதவைப் பின்னால் சாத்தினாள். பூரிப்பு போய்விட்டிருந்தது.

"வயசு மட்டும் ஏறுது தம்மா. உடம்பு ஏறலை. ஏன்?"

"அக்கா, உள்ள யாரு இருக்கா?"

"கேக்கறியே, உனக்குத் தெரியாதா?" அவள் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "வெளிய விளையாடணும்னு கேக்கறான். காலு நிக்க மாட்டேங்குது. நேத்து மீசை அரும்புச்சு. இன்னிக்குத் தாடி. கையை ஆட்டி ஆட்டி அழறான். நான் என்ன சொல்லித் தேத்துவேன்?"

கதவைத் தள்ளிப் பார்த்திருக்கலாம். தள்ளவில்லை. பார்த்துவிட்டால், செய்தது செய்ததாகிவிடும். அவன் கூடத்திலேயே, விளக்கை அணைக்காமல், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தான்.

மறுநாள் அவன் போனபோது, அவனுடைய நுண்ணோக்கியில் ஹில்டா குனிந்திருந்தாள்.

"சார், தட்டை மாத்தி வச்சுட்டீங்க. சிசு இருக்கிற பள்ளத்துல யாரோ தாத்தாவை வச்சிருக்கீங்க."

"தள்ளுங்க."

"எங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்ணப்போ பாத்தேனே, அச்சு அசல் இதே மாதிரிதான். சுவரெல்லாம் தடிச்சு..."

"தள்ளுங்க ஹில்டா!"

அவள் சிரிப்பு அடங்கி நகர்ந்தாள்.

குழாய்ச் சுவர்கள் தடித்திருந்தன. அடுக்கடுக்கான செல்கள் உதிர்ந்து, சில குழாய்களில் ஒற்றை வரிசை மட்டும் மிச்சம். சுரப்புச் செல்களில் பழுப்புக் கறை. ரத்த நாளங்கள் இறுகிப்போயிருந்தன. சில குழாய்களில் எதுவுமே இல்லை. உயிர் இருந்த இடத்தில் இளஞ்சிவப்பாக, கண்ணாடி போல உறைந்த வெறும் வளையங்கள். தன் தட்டின் கடைசிச் சில்லில் மட்டுமே அவன் பார்த்திருந்த வளையங்கள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வட்டத்தின் ஓரத்தில், இன்னொரு குழாய் மெல்ல மூடிக்கொண்டது.

இழுப்பறையைத் திறந்து மெழுகுக் கட்டியை எடுத்தான். வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூட்டைவிடச் சற்றுக் குறைவான வெதுவெதுப்பு. உடம்புக்கு வெளியே, குளிர்ந்த இடம் தேடித் தொங்குகிற அந்த உறுப்பின் சூடு.

அழித்துவிட வேண்டும். வேறு நினைப்பே இல்லை அவனுக்கு. மெழுகு உருக்கும் அடுப்பில் தங்க நிறத்தில் மெழுகு தளதளத்தது. இடுக்கியால் கட்டியைப் பிடித்து அதன்மேல் நீட்டினான். முனை உருகிச் சொட்டத் தொடங்கியது. ஒரு சொட்டு. இன்னொன்று.

கைப்பேசி அடித்தது.

"தம்மா." அக்காவின் குரல் கிழிந்து வந்தது. "என்ன பண்றே அங்க? என்ன பண்றே? மூச்சு விட மாட்டேங்கிறான்! சுருண்டுக்கறான் தம்மா!"

இடுக்கியைப் பின்னுக்கு இழுத்தான். மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் போலத் தோன்றியது. பிறகு இருமல். சளி கட்டிய, ஆழமான, முதிர்ந்த இருமல்.

"விடறான்... விடறான்" என்றாள். பிறகு வெகு நிதானமாக, "அது உன்கிட்டதான இருக்கு? வீட்டுக்கு எடுத்துட்டு வா. அவனுக்கு நேரம் இல்லை."

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தான். மழை முகத்தில் அறைந்தது. பாலத்துக்குக் கீழே துங்கை செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. கரையில் பிள்ளைகளைப் புதைத்த சிறு குழிகள் இருந்த இடமெல்லாம் தண்ணீர். மார்புக்கு மேல், துணிக்கு உள்ளே, அந்த வெதுவெதுப்பு. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், காலில் விழ வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வழி முழுக்கச் சொற்களைக் கோத்தான். வாசலில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு உள்ளே ஓடினான்.

வீட்டில் மின்சாரம் இல்லை.

பின்பக்க அறை திறந்து கிடந்தது. தூளி காலியாகத் தொங்கியது. தரையில் ஈரத்தடம். சாம்பிராணி இல்லை. பூண்டு இல்லை. பார்மலின் மட்டும்.

பச்சல் என்று அவர்கள் சொல்லும் குளியலறையில் வெளிச்சம். வெந்நீர் அடுப்பின் வெளிச்சம். செப்புப் பானையிலிருந்து ஆவி எழுந்து ஓட்டுக் கூரை வரைக்கும் அடைத்திருந்தது. உள்ளே அக்கா தாலாட்டு முனகுவது கேட்டது. அதனோடு, அதே தாளத்தில், ஒரு கிழட்டு மூச்சு.

"அக்கா."

"வந்துட்டியா? வா. குனிஞ்சு வா, தலையில இடிச்சுக்காதே."

குனிந்தான். ஆவி கொஞ்சம் விலகியது.

அவள் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் உட்காருகிற மாதிரி. நீட்டிய கால்களுக்கு நடுப்பள்ளத்தில் அது மல்லாந்து கிடந்தது. பச்சைப் பிள்ளையின் நீளம்தான். தலையில் நரை. மார்பில் நரை. காது மடலில் நரை மயிர். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. சின்னஞ்சிறு கைகளில் புடைத்த நீல நரம்புகள், பழுப்புப் புள்ளிகள். வாயில் பல் இல்லை. முளைக்காத வாயா, உதிர்ந்த வாயா?

"கண்ணு தெரியலை அவனுக்கு" என்றாள் அக்கா. வெந்நீரை உள்ளங்கையில் ஏந்தி அதன் நெற்றியில் மெல்ல விட்டாள். "காலையிலேருந்து தெரியலை. ஆனா நீ வர்றேன்னு சொன்னேன். காத்துட்டிருக்கான்."

அது தலையைத் திருப்பியது.

புரை விழுந்த, பால் வெள்ளைக் கண்கள். அவன் இருந்த பக்கம். சரியாக அவன் முகத்தின் பக்கம்.

"அக்கா, நான்..."

"பேசாதே. அவன்கிட்டக் குடு."

பைக்குள் கை விட்டான். மெழுகு இளகியிருந்தது. விரலில் ஒட்டியது. முழங்காலிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினான். ஆவிக்குள் எதையோ தடவித் தேடும் சத்தம். நகங்கள். வளர்ந்து சுருண்ட, கிழவனின் நகங்கள்.

அவை அவன் விரலைக் கண்டுபிடித்தன.

ஐந்து சின்ன விரல்களும் சுற்றி மூடின. பிறந்த குழந்தை பிடிப்பது போல, தான் எதைப் பிடிக்கிறோம் என்று அறியாத, விடத் தெரியாத பிடி. அவன் இழுத்தான். வரவில்லை. இன்னும் இழுத்தான். கையோடு கையாக, அந்த நரைத்த தலை எழும்பி வந்தது. கழுத்து நிற்காமல் பின்னால் சாய்ந்தது. பல்லில்லாத வாய் அகலமாகத் திறந்தது.

"மாமா" என்றது. முதிர்ந்த ஆணின் குரல். மழலை உச்சரிப்பு.

அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். அது பிடித்திருந்த அவன் விரலில், மெழுகு ஒட்டிய இடத்தில் முதலில், தோல் சுருங்கத் தொடங்கியது. சுருக்கம் மணிக்கட்டைத் தாண்டியது. முழங்கை மயிர் ஒவ்வொன்றாக வெளுத்தது. அக்கா தலையை நிமிர்த்தாமல், அடுத்த கை வெந்நீரை அள்ளினாள்.